முற்றத்துக்கு வந்த புவிக்கவசம்

கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் என ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். நாம் தரையைப் பார்த்தால் தரை தெரியும். அவர் பார்த்தால் தரைக்கு அடியில் இருப்பது தெரியும். எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்றாலும், நல்ல விளைச்சல் ஐஸ்லாந்தில்தான். மற்ற இடங்களில் இவர்களுக்குக் கிணற்று ஊற்று, புதையல், பழைய சுரங்கப்பாதை என்று சில்லறையாகத்தான் கிடைக்கும். ஐஸ்லாந்தில் மொத்தமாகப் புவிக்கவசமே கிடைக்கிறது.

கவசம் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் பூமியை அவித்த முட்டை மாதிரிப் பாதியாக வெட்டிப் படம் போட்டு, மேலோட்டுக்குப் பழுப்பும் கவசத்துக்கு ஆரஞ்சும் கருவுக்குச் சிவப்பும் தீட்டி, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோனோமே, அதில் அந்த ஆரஞ்சு. மேலோடு முடிகிற இடத்தில் தொடங்கி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஆழம் வரை போகிறது. மேல்பக்கம் ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு டிகிரி. அடியில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேலே. யாரும் போய்ப் பார்த்ததில்லை. மனிதர்கள் துளைத்ததிலேயே ஆழமான துளை பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றுவிட்டது. மலைக்கோயிலுக்குக் கிளம்பியவர் வீட்டு வாசற்படியிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிய மாதிரி. ஆகவே கவசத்தைப் பற்றிப் பேசுபவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. "போன வாரம்தான் போயிட்டு வந்தேன், நீ சொல்றது தப்பு" என்று யாரும் எழுந்து நிற்க முடியாது.

தோர்கிரிம் இந்த இனத்தில் முதல் தரம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஒவ்வொரு கோடையிலும் நிலவியல் மாணவர்களை எரிமலைப் பக்கம் ஏற்றிக்கொண்டு போய்வந்தவர். பேராசிரியர் பின்னால் திரும்பி நின்று ஒலிபெருக்கியில் விளக்குவார். மாணவர்கள் தூங்குவார்கள். தோர்கிரிம் ஓட்டுநர், அவர் தூங்க முடியாது. இப்படியாக அந்தப் பேருந்தில் படித்துத் தேறியவர் அவர் ஒருவர்தான்.

ஊரின் நீச்சல் குளத்தை ஒட்டிச் சுடுநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகிறவர்களும் வேலையே இல்லாதவர்களும் அதில் கழுத்துவரை அமர்ந்து, தலையில் பனி விழ விழ, அரசாங்கத்தை மாற்றி அமைப்பார்கள். தோர்கிரிம் வந்தால் மட்டும் அரசாங்கம் கொஞ்சம் காத்திருக்கும். அவர் எல்லாரையும் போலத் தொப்பென்று இறங்கமாட்டார். முதலில் ஒரு கால் பெருவிரல். பிறகு பாதம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தொட்டியில் இருப்பவர்களும் தம்மை அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

"ஏறியிருக்கு."

"எவ்வளவு?" என்பார் ஆஸ்கெல். பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர்.

"அடியில வேலை நடக்குது. அவ்வளவுதான் இப்பச் சொல்ல முடியும்."

குளத்து ஊழியர் வெந்நீர்க் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருப்பார். அது வேறு விஷயம்.

நிலம் குலுங்கினால் மற்ற ஊர்களில் கடவுளைக் கூப்பிடுவார்கள். இந்த ஊரில் எண் சொல்வார்கள். தொட்டித் தண்ணீர் ஒருமுறை அலம்பி அடங்கியதும், "மூணு புள்ளி ஒண்ணு", "இல்லப்பா, ரெண்டு புள்ளி எட்டு" என்று ஏலம் தொடங்கும். தோர்கிரிம் எண் சொல்லமாட்டார். எண் மேலே இருப்பவர்களுக்கு. அவர் ஆழம் சொல்வார். ஆழத்தை யார் சரிபார்ப்பது?

ஒருநாள் அந்தத் தொட்டிக்கு ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் பாறைகளுக்குள் இருக்கும் சிறு படிகங்களை வைத்துக் கவசத்தின் சூட்டைக் கணக்கிடுவதுதான் அவள் வேலை என்று தெரிந்ததும், நமக்குக் கீழே எத்தனை டிகிரி என்று ஆஸ்கெல் கேட்டார். அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, மற்ற இடங்களைவிடச் சூடு கூடுதல்தான், ஆனால் எவ்வளவு என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு, நாங்கள் சொல்கிற எண்ணிலும் ஐம்பது டிகிரி முன்னே பின்னே இருக்கலாம் என்றாள். தொட்டியில் எல்லாரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவள் போனபிறகு ஆஸ்கெல் சொன்னார்: "பாவம், இன்னும் படிச்சு முடிக்கல போல." பிறகு எல்லாரும் தோர்கிரிம் பக்கம் திரும்பினார்கள்.

இப்படிப்பட்டவருக்கு மனைவி இருந்தால் அவள் என்ன ஆவாள்? ஹல்பேரா பள்ளிக்கூடச் சமையல்காரி ஆனாள். பகலில் நூறு பிள்ளைகளின் கூச்சலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒற்றைக் குரல்தானே என்று ஆறுதலாக இருக்கும். கவசத்தோடு அவளுக்குத் தகராறு கிடையாது. அது பாட்டுக்கு அடியில் கிடக்கட்டும். அவளுக்கு வேண்டியது வடக்கே ஆகுரேரி நகரத்தில், மகள் டாக்பியோர்ட்டின் வீட்டுக்கு எதிரே இருந்த இரண்டு அறை வீடு. மாடியில் நின்றால் மகளின் சமையலறை விளக்கு தெரியும். விளக்குக்குக் கீழே பேரக்குழந்தையின் நாற்காலியும் தெரியும். அந்த வீட்டின் சொந்தக்காரர் நல்ல மனிதர், ஈஸ்டர்வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இந்த வீடு விற்றாக வேண்டும்.

விற்கக்கூடிய வீடுதான். விற்க விடாதவர் உள்ளேயே இருந்தார்.

முதலில் வந்தது இளம் தம்பதி. அந்தப் பெண் சின்ன அறையைப் பார்த்து, தொட்டில் போட நல்ல இடம் என்று சந்தோஷப்பட்டாள். தோர்கிரிம் அந்த அறையின் தரையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டி, "இதுக்கு நேர் கீழ விரிசல் ஒண்ணு போகுது. பயப்படாதீங்க, இப்பத் தூங்குது" என்றார். குழந்தை தூங்குவதற்கு முன்பே விரிசல் தூங்குகிற அறையில் அவர்கள் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அடுத்து ஒரு பல் மருத்துவர். நாடே நடுவில் பிளந்து வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அதுவரை சரி, அது அவருக்கும் தெரியும். "கோடு இந்த நடைவழியிலதான் போகுதுன்னு எனக்கு ஒரு எண்ணம். உன் சமையலறை அமெரிக்கா பக்கம் போகும். படுக்கையறை ஐரோப்பாவோட நின்னுடும்." மருத்துவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

"நான் பொய் ஏதாவது சொன்னேனா?" என்று தோர்கிரிம் கேட்டார்.

"சொல்லல. சொல்லியிருந்தா வீடாவது வித்திருக்கும்," என்றாள் ஹல்பேரா.

இந்த நிலையில்தான் மாசிப் பனியின் நடுவே கவசம் நேரடியாக முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

காலையில் ஜன்னலைத் திறந்தால் முற்றம் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பனி. அதன் நடுவே வட்டமாக ஓர் இடத்தில் மட்டும் பனி இல்லை. அங்கே ஆவி பறக்க, பச்சைப் புல். தோர்கிரிம் இரவு உடையோடே ஓடிப்போய் மண்டியிட்டு, உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவரின் வீட்டுக் கதவை அவரே வந்து தட்டினால் எப்படி இருக்கும்?

"ஹல்பேரா," என்றார் உள்ளே வந்து. "கவசத்துலேர்ந்து ஒரு விரல் மேல வந்திருக்கு. நம்ம வீட்டைப் பாத்து."

"அதை அப்புறம் பாக்கலாம். ரேடியேட்டர்ல சூடே இல்ல. கை வச்சுப் பாரு."

"அப்படித்தான் ஆகும்."

"எப்படித்தான் ஆகும்?"

"சூடு ஒரு இடத்துல திரண்டா பக்கத்துல குறையும். முற்றத்துல ஏறுது, வீட்ல இறங்குது. கணக்குச் சரியா இருக்கு பாரு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. முற்றம் எவ்வளவு சூடேறியதோ அவ்வளவு வீடு ஆறியது. ஹல்பேரா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் வழியாக அந்த வட்டத்தைப் பார்த்தாள். தெருவிலிருந்து வீட்டுக்குச் சுடுநீர் கொண்டுவரும் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதற்காகப் பள்ளம் தோண்டிய கோடையில் தோட்டத்து ருபார்ப் செடிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டது அவள்தான். வட்டம் சரியாக அந்தப் பழைய செடிவரிசையின் மேல் இருந்தது.

"குழாய் கசியுது. பிளம்பரைக் கூப்பிடு."

"பிளம்பருக்குக் கவசத்தைப் பத்தி என்ன தெரியும்?"

கூப்பிட்டாலும் பயனில்லை. ஊரின் ஒரே பிளம்பர், குளிர்காலத்தில் பாதி ஊர் செய்வதைப் போல, டெனரீஃப் தீவில் வெயிலில் கிடந்தார். ஈஸ்டருக்குத்தான் வருவார். வீடு பார்க்க அடுத்த ஆள் சனிக்கிழமையே வருவதாக இருந்தது.

அதற்கு முன்னால் தொட்டிக்காரர்களுக்கு நிரூபணம் காட்டியாக வேண்டும். ஊருக்கு வெளியே ஆவி வரும் ஓடைக்கரையில், மாவைப் பாத்திரத்தில் அடைத்து மண்ணில் புதைத்து மறுநாள் எடுத்தால் கறுப்பு ரொட்டி தயாராக இருக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சுடுவார்கள். தோர்கிரிம் ஹல்பேராவின் நல்ல பாத்திரத்தை எடுத்துப்போய் முற்றத்து வட்டத்தில் புதைத்தார். மறுநாள் ஆஸ்கெல் உள்ளிட்ட தொட்டிப் பிரமுகர்கள் வெண்ணெயோடு வந்து சுற்றி நின்றார்கள். மூடி திறக்கப்பட்டது. உள்ளே மாவு மாவாகவே இருந்தது. குளித்துத் துவட்டிய குழந்தை மாதிரி வெதுவெதுப்பாக, லேசான புளித்த வாடையோடு.

ஆஸ்கெல் விரலால் தொட்டுப் பார்த்தார். "கவசம் இதைச் சுட்டுச்சா, தாலாட்டுச்சா?"

தோர்கிரிம் அசரவில்லை. இந்த இனத்தின் இலக்கணமே அதுதான்: ரொட்டி வேகாமல் போகலாம், கொள்கை வேகாமல் போகாது.

"கவசம் நகம் வளர்ற வேகத்துல நகர்ற விஷயம். உன் ரொட்டிக்காக ஓடி வருமா?"

"அப்ப எப்ப வேகும்?"

"லட்சம் வருஷம் குடு."

"சரி, வெண்ணெயை ஃபிரிட்ஜில வைக்கிறேன்," என்றார் ஆஸ்கெல்.

வெள்ளிக்கிழமை மாலை ஹல்பேரா கணவரை எதிரே உட்காரவைத்தாள்.

"நாளைக்கு வர்றவர் பேரு ஓர்லீகுர். மேற்குக் கடலோரத்து ஃபியோர்டுகள்லேர்ந்து வர்றார். கப்பல் எஞ்சினியரா இருந்தவர். ஒரு மணி நேரம் இருப்பார். அந்த ஒரு மணி நேரம் தரைக்குக் கீழ ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சுக்கோ."

"ஒண்ணுமே இல்லையா? ஹல்பேரா, அது எப்படி..."

"மேல கூரை இருக்கில்ல? அதைப் பத்திப் பேசு."

"கூரையைப் பத்தி என்ன பேசறது?"

"ஒழுகலைன்னு பேசு."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இந்த ஆளும் போயிட்டா அந்த வீடு வேற யாருக்கோ போயிடும், தோர்கிரிம். குழந்தை எழுந்து நிக்கிறதை நான் போன்லதான் பாக்கணும்."

அவர் காப்பிக் கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பார்த்துப் பழகிய கண். பிறகு, "சரி" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் கொடுத்த வாக்கை மீறியதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் இதற்கு முன் வாக்கு கொடுத்ததும் இல்லை. ஹல்பேரா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கூடை க்ளெய்னா பொரித்து வைத்தாள். முடிச்சுப் போட்டுப் பொரிக்கிற இனிப்புப் பலகாரம் அது. வாயில் போட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பேச முடியாது.

ஓர்லீகுர் வந்தார். நெடிய உருவம், பெரிய காதுகள். கப்பல்காரர் என்பதால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், குழாயைத் திறந்து கேட்டார், படிகளை மிதித்துக் கேட்டார். தோர்கிரிம் பின்னாலேயே போனார்.

"கூரை ஒழுகாது," என்றார்.

"நல்லது."

"மழைக்கும் ஒழுகாது, பனிக்கும் ஒழுகாது."

"ரொம்ப நல்லது."

பேச்சு நின்றபோதெல்லாம் ஹல்பேரா கணவரின் கையில் ஒரு க்ளெய்னாவை வைத்தாள். மூன்றாவது க்ளெய்னாவில் அவர்கள் பின்பக்க ஜன்னலுக்கு வந்திருந்தார்கள். வெள்ளை முற்றம், நடுவே பச்சை வட்டம், அதிலிருந்து மெல்லிய ஆவி.

"அது என்ன?" என்றார் ஓர்லீகுர்.

தோர்கிரிமின் கழுத்து நரம்பு புடைத்தது. மீசை நடுங்கியது. மேலோட்டுக்கு அடியில் இவ்வளவு அழுத்தத்தை அந்த ஊர் அதுவரை கண்டதில்லை. கடைசியில் வாய் திறந்தது.

"புல்."

கவசத்தைப் பற்றி அவர் வாழ்க்கையிலேயே பேசிய மிகச் சின்ன வாக்கியம் அதுதான். கல்யாணம் ஆன நாளில்கூடத் தன் கணவரை இவ்வளவு நேசித்தோமா என்று ஹல்பேராவுக்குச் சந்தேகம் வந்தது. அவர் வாக்கைக் காப்பாற்றியதற்கு ஈடாகத் தானும் ஒன்று தரவேண்டும் என்று தோன்றியது.

"சுடுதண்ணிக் குழாய் கசியுது. அதனாலதான் ரேடியேட்டரும் ஆறிக் கிடக்கு. பிளம்பர் ஈஸ்டருக்கு வந்துடுவார்," என்றாள்.

ஓர்லீகுர் கேட்டதாகத் தெரியவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போயிருந்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வட்டத்தின் நடுவே மண்டியிட்டு, உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடியிருந்தார்.

அந்தக் கோலம் ஹல்பேராவுக்குத் தெரியும்.

"இது குழாய் இல்ல, ஹல்பேரா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "எஞ்சின் அறையிலயே வாழ்ந்தவன் நான். சூடு எங்கேர்ந்து வருதுன்னு கை சொல்லும். இது ரொம்ப ஆழத்துலேர்ந்து வருது. கவசம்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கியா? பாறையெல்லாம் உருகி, கடல் மாதிரிக் கொதிச்சுக்கிட்டு..."

தோர்கிரிமின் கையிலிருந்த க்ளெய்னா பனியில் விழுந்தது.

உண்மையை மறைக்கச் சொன்னால் தோர்கிரிம் மறைத்துவிடுவார். மறைத்துக் காட்டிவிட்டார். ஆனால் பக்கத்தில் ஒருவர் தப்பாகச் சொல்லும்போது சும்மா நிற்க அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

"உருகல."

"என்னது?"

"கவசம் உருகல. கெட்டிப் பாறை. அழுத்தம் உருக விடாது. கெட்டியா இருந்துக்கிட்டே ஓடும்."

"கெட்டியா இருக்கறது எப்படிய்யா ஓடும்?"

"பனியாறு ஓடலையா? அது என்ன தண்ணியா?"

பனியாற்றைப் பார்த்து வளர்ந்த ஒருவர் இதற்கு என்ன சொல்ல முடியும்? தோர்கிரிம் சரியாகத்தான் சொன்னார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். இந்த இனம் எப்போதும் தப்பாகவே பேசினால் நாம் எப்போதோ தப்பித்திருப்போம்.

"சரி, கெட்டியே இருக்கட்டும். எத்தனை டிகிரி?"

"நம்ம காலுக்குக் கீழ, மத்த நாட்டைவிட நூத்தம்பது கூட."

"இருநூறுன்னாங்க."

"இருநூறு அதிகம்."

"நூத்தம்பது கம்மி."

"நூத்து எழுபது?"

"அதுக்குக் கீழ நான் இறங்கமாட்டேன்."

மீன் ஏலத்தில் நிற்கிறவர்களைப் போல இரண்டு பெரிய மனிதர்கள் சேற்றில் முழங்காலிட்டுக் கவசத்தின் சூட்டை முடிவு செய்துகொண்டிருந்தார்கள். ஹல்பேரா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆகுரேரி மாடியும் எதிர்வீட்டு விளக்கும் கண்ணெதிரே அணைவது போலிருந்தது. வீடு போனது போனதுதான், இவர்களாவது ஈரத்தில் கிடந்து சளி பிடிக்காமல் இருக்கட்டும் என்று எழுந்தாள்.

"ரெண்டு பேரும் கேளுங்க. அது குழாய். குழாய்க்கு நேர் மேலதான் வட்டம் இருக்கு. இங்க சூடாக ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் ரேடியேட்டர் ஆறிச்சு. ரொட்டி புதைச்சோம், வேகல. இன்னும் என்ன வேணும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து அவளைப் பார்த்தார்கள். தொட்டியில் அந்தப் பல்கலைக்கழகப் பெண்ணைப் பார்த்தார்களே, அதே பார்வை.

"குழாயாவே இருக்கட்டும்," என்றார் தோர்கிரிம் மிக மென்மையாக. "அந்தத் தண்ணிக்குச் சூடு எங்கேர்ந்து வந்தது?"

"கீழேர்ந்து," என்றார் ஓர்லீகுர்.

வேறு நாட்டில் இருந்தால் ஹல்பேரா கொதிகலன், மின்சாரம், விறகு என்று எதையாவது காட்டியிருக்கலாம். ஆழத்துளை போட்டு நிலத்தடி வெந்நீரையே வீட்டுக்கு இழுக்கிற ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். எல்லா வழியும் கவசத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஓர்லீகுர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"எங்க பக்கத்துப் பாறை ரொம்பப் பழசு. ஆறிப்போன பாறை. பிறந்ததுலேர்ந்து எனக்கு உள்ளங்கால் சில்லுனுதான் இருக்கும். சாகறதுக்குள்ள கால் வச்சா சூடா இருக்கற மாதிரி ஒரு இடம் வேணும்னு இருந்தது." வட்டத்தைக் காட்டினார். "வாங்கிக்கிறேன்."

ஹல்பேரா நேர்மையான பெண். கையெழுத்துப் போடும் அன்று வீட்டுத் தரகர் முன்னால் மறுபடியும் சொன்னாள்: "முற்றத்துல குழாய் கசியுது. தெரிஞ்சுதான் வாங்கற." ஓர்லீகுர் தலையாட்டினார். "குழாய்" என்று சொல்லிவிட்டுத் தோர்கிரிமைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். உண்மையைப் பூட்டிவைக்க அதைச் சத்தமாகச் சொல்வதைவிட நல்ல வழி இல்லை என்று அவளுக்கு அன்று புரிந்தது.

கிளம்பும் நாளில் சாமான்களெல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. தோர்கிரிம் மட்டும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இவ்வளவு வருஷம் கழிச்சு வந்தது. விட்டுட்டுப் போறேன்."

ஹல்பேராவுக்குச் சொல்ல நூறு பதில் இருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா. டாக்பியோர்ட் வீட்டுப் பக்கமும் கீழ ஏதாவது இருக்கும்."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் கழிந்து, நன்றாகக் கறுத்துப்போன பிளம்பர் ஊர் திரும்பினார். ரேடியேட்டர் ஆறிக் கிடக்கிறது என்று ஓர்லீகுர் கூப்பிட்டிருந்தார். பிளம்பர் முற்றத்தைத் தோண்டினார், ஏதோ செய்தார், மூடினார், போனார். அன்று மாலை ஆகுரேரியில் தொலைபேசி அடித்தது. தோர்கிரிம் ஒலிபெருக்கியில் போட்டார்.

"தோர்கிரிம்! நகந்துடுச்சுய்யா! முற்றத்துல பனி விழுந்து மூடிடுச்சு. ஆனா வீட்டுக்குள்ள ரேடியேட்டர்ல கை வைக்க முடியல. அங்கேர்ந்து இங்க வந்துடுச்சு!"

"நான் சொன்னேனில்ல? ஒரு இடத்துல இறங்கினா பக்கத்துல ஏறும்."

"ஓர்லீகுர், பிளம்பர் வந்தாரா?" என்று ஹல்பேரா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வந்தார், ஹல்பேரா. சரியா அதே நாள்ல. என்ன ஒரு தற்செயல் பாரேன்!"

ஆகுரேரியிலும் நீச்சல் குளம் இருக்கிறது. அதை ஒட்டிச் சுடுநீர்த் தொட்டிகளும் உண்டு. தோர்கிரிம் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து கேட்டார். அடுத்த வாரம் பெருவிரலை நனைத்துக் கண்ணை மூடினார். இப்போது அங்கேயும் அரசாங்கம் காத்திருக்கிறது.

ஹல்பேரா மாடியில் நின்று எதிர்வீட்டுச் சமையலறை விளக்கைப் பார்க்கிறாள். குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதை அங்கிருந்தே பார்த்தாள், கை தட்டினாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தையும் தட்டியது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று. முதல் பனி விழுந்த அன்று, கீழ்வீட்டுப் பெண் வாசலில் நின்று, "பாத்தியா, தெரு முழுக்கப் பனி, நம்ம நடைபாதையில மட்டும் இல்ல" என்றாள். நடைபாதைக்கு அடியில் வீடுகளிலிருந்து வரும் கழிவு வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. பதில் ஹல்பேராவின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"கவசம் கெட்டிப் பாறைதான், தெரியுமா? எல்லாரும் உருகிக் கிடக்குன்னு நினைக்கறாங்க. பனியாறு மாதிரி அது."

சொல்லும்போது தன் கண் மூடியிருந்ததை அப்புறம்தான் கவனித்தாள். நேரே மேலே போய், தனக்குத்தானே ஒரு க்ளெய்னாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

இது தொற்றுகிற நோய். தொடவேண்டியதில்லை, காதில் விழுந்தால் போதும்; சில சமயம் கண்ணில் பட்டாலும் வந்துவிடும். நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள். நாளை யாரோ ஒருவர் தேநீரை ஊதிக்கொண்டே, "என்ன வெயில் சார், தரையில கால் வைக்க முடியல" என்பார். நீங்கள் ஒரு நொடி தாமதிப்பீர்கள். "மேல இருக்கறது என்ன பெரிய சூடு..." என்று ஆரம்பிப்பீர்கள். ஆயிரத்து முந்நூறு வரும், மூவாயிரத்து ஐந்நூறு வரும், நகம் வளர்கிற வேகம் வரும், உங்கள் ஊரில் இல்லாத பனியாறுகூட வந்துவிடும். கண் மூடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்களைச் சொன்னேனே, அப்போது, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கவனித்தேன்.